பைண்டு செய்யப்படாத இதழ்கள்: தமிழ் ஆண் வாசகரின் அச்சுலகமும் சேகரிப்பாளரின் சான்றும்

கேள்வி

தமிழ் இதழியல் வரலாற்றில் 'மாதர் இதழ்' என்பது நன்கு அறியப்பட்ட வகைமை. பாரதி ஆசிரியராக இருந்து 1905இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' பெண்களுக்கான இதழ் என்று தன்னை அறிவித்துக்கொண்டே வெளிவந்தது. வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய 'ஜகன்மோகினி'யைக் கடந்து, 'மங்கையர் மலர்', 'அவள் விகடன்' வரை அந்த மரபு நீள்கிறது. இவற்றைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. இதற்கு இணையாக 'ஆடவர் இதழ்' என்றொரு தலைப்பை எந்தப் பட்டியலிலும் காண முடிவதில்லை. வாசகர் என்றாலே ஆண் என்று அச்சுலகம் தொடக்கத்திலேயே கொண்டுவிட்டது. ஆகவே ஆணுக்கெனத் தனியே பெயர் சூட்டும் தேவை அதற்கு எழவில்லை.

பெயர் இல்லையே தவிரப் பொருள் இருந்தது. துப்பறியும் மாத வெளியீடுகள், சினிமா இதழ்கள், கிசுகிசு ஏடுகள், பாக்கெட் நாவல்கள், தாம்பத்திய ஆலோசனைப் புத்தகங்கள், பேருந்து நிலையக் கடைகளில் கண்ணாடித் தாளுக்குள் பின் அடித்துத் தொங்கவிடப்பட்ட மெல்லிய புத்தகங்கள் என ஆண்களை எண்ணி அச்சாகி, பெரும்பாலும் ஆண்கள் வாங்கி, ஆண்கள் கைமாற்றிக்கொண்ட அச்சுப்பொருள் ஏராளம். அவற்றுள் நமக்கு எஞ்சியவை மிகச் சில. ஏன் எஞ்சவில்லை, எஞ்சியவற்றைக் காப்பாற்றியவர் யார், அவர் காப்பாற்றியதை வைத்து என்ன வரலாறு எழுதலாம் என்பவையே இக்கட்டுரை ஆராய முற்படுபவை. மலிவுக் காகிதம்தான் காரணம் என்ற வழக்கமான விடை போதாது என்பது என் வாதம். இந்த இதழ்களைக் கைவிட்டது காகிதமல்ல. வீடும் சட்டமும் நூலகமும். நம் கையில் இருக்கும் சான்று முழுவதும் சேகரிப்பாளரின் விருப்பத்தால் வடிகட்டப்பட்டு வந்தது. அதைக் கணக்கில் கொள்ளாமல் எழுதும் வரலாறு சாய்ந்துதான் நிற்கும்.

இதுவரை சொல்லப்பட்டவை

'நாவலும் வாசிப்பும்' (2002), 'முச்சந்தி இலக்கியம்' (2004) ஆகிய நூல்களில் ஆ.இரா. வேங்கடாசலபதி வெகுமக்கள் அச்சை ஆய்வுப்பொருளாக நிலைநாட்டினார். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற கொலைச் சிந்துகளும் பாட்டுப் புத்தகங்களும் கற்றோரின் முகச்சுளிப்புக்கு இடையே எப்படிச் செழித்தன என்பதை அவர் காட்டினார். வடக்கே இந்தி அச்சுலகத்தில் ஆபாசம் பற்றிய அச்சமும் சமய அடையாள அரசியலும் பின்னிக் கிடந்ததைச் சாரு குப்தாவின் 2001ஆம் ஆண்டு நூல் விரிவாகப் பேசுகிறது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீத்தம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ்ப் பாக்கெட் நாவல் எழுத்துகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதன் பிறகுதான் பல ஆங்கில வாசகர்களுக்கு இப்படி ஓர் உலகம் இருப்பதே தெரியவந்தது.

இவை தந்த வெளிச்சம் பெரிது. ஆனால் எழுதியது யார், அச்சிட்டது யார், கண்டித்தது யார் என்ற கேள்விகளுக்குக் கிடைத்த கவனம், அச்சிட்ட பின் அந்தத் தாள்கள் என்னவாயின என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை. ஒரு வகைமையின் வரலாறு அது எப்படிப் பிழைத்தது என்பதையும் சேர்த்தது.

பைண்டிங்கில் சேர்ந்தவையும் சேராதவையும்

தமிழ் வீடுகளின் பழைய பெட்டிகளைத் திறந்தவர்களுக்குப் பைண்டு செய்த தொடர்கதைகளைத் தெரிந்திருக்கும். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' மணியத்தின் ஓவியங்களோடு எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் தங்கியது. வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைப் பின்னிலிருந்து பிரித்தெடுப்பார்கள். தொடர் முடிந்ததும் வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டுவார்கள். அல்லது பைண்டரிடம் கொடுப்பார்கள். இந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே முன்னின்று செய்தார்கள். அந்தக் காகிதமும் மரக்கூழில் செய்த அதே மட்டமான செய்தித்தாள் காகிதம்தான். மரக்கூழில் எஞ்சும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகும். அமிலம் ஏறி ஓரங்கள் நொறுங்கும். இராமபாணப் பூச்சி அதையும் விட்டுவைக்காது. ஆனாலும் அது பிழைத்தது. அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்ததே காரணம்.

ஆண்களின் இதழுக்கு அந்த முடிவு வாய்க்கவில்லை. அது வீட்டுக்குள் வந்தால் பரணுக்கோ மெத்தைக்கு அடிக்கோ போயிற்று; பெரும்பாலும் வீட்டுக்கே வரவில்லை. சலூன், டீக்கடை, விடுதி அறை, லாரி ஷெட், இரவுக் காவலாளியின் மேசை என அது புழங்கிய இடங்கள் எவையும் பொருளைச் சேர்த்துவைக்கும் இடங்கள் அல்ல. பல கை மாறித் தாள் தாளாகப் பிரிந்து போவதே அதன் வழக்கமான முடிவு.

இங்கே ஒரு முன்னோடியைக் கவனிக்க வேண்டும். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணியைச் சேர்ந்த ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925), 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில எழுத்தாளர்களின் பரபரப்பு நாவல்களைத் தமிழ் மண்ணுக்கேற்ப மாற்றி எழுதிக் குவித்தார். இளைஞர் கெட்டுப்போவார்கள் என்ற கண்டனம் இத்தகைய நாவல்கள் மீது அக்காலத்திலேயே எழுந்தது. ஆனாலும் 'இரத்தினபுரி இரகசியம்' போன்றவை பல பாகங்கள் கொண்ட நூல்களாக, அட்டையும் ஆசிரியர் பெயரும் அச்சகப் பெயரும் தாங்கி வந்தன. அதனால் இன்றும் அவற்றை நூலகத்தில் கேட்டு வாங்க முடிகிறது. ஒரே ஆண் வாசகரின் ஆவலைத் தீர்த்த இரு எழுத்துகளில் நூலுருவம் பெற்றது நின்றது. மெல்லிய இதழாக வந்தது போயிற்று.

முகவரி இல்லாத அச்சு

1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சிடப்படும் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றது. அரசுக்குப் படிகள் தரவும் கட்டளையிட்டது. காலனி அரசின் கண்காணிப்புக்காக வந்த இந்த ஏற்பாட்டினால்தான் குஜிலிப் பாட்டுகள்கூட லண்டன் நூலக அலமாரிகளில் தங்கின. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்பக் கோரியது. 1956இல் அது பருவ இதழ்களுக்கும் விரிந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவோ எதிர்த்திசையில் இழுத்தது. ஆபாச வெளியீட்டை விற்பதும், பரப்புவதும், விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். 1964இல் ரஞ்சித் உதேஷி வழக்கில், 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரருக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோல் ஒன்றே அதற்கு அடிப்படை. அந்த அளவுகோல் கைவிடப்பட 2014ஆம் ஆண்டின் அவீக் சர்க்கார் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கும் ஓர் இதழ்ப் படத்தைப் பற்றியதே. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தம் வருங்கால மனைவியோடு நின்ற படத்தை ஜெர்மன் இதழ் ஒன்றிலிருந்து எடுத்து 'ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட்' மறுபிரசுரம் செய்ததில் எழுந்தது அது.

ஒரு சட்டம் பெயரைப் போடு என்கிறது. இன்னொன்று போட்ட பெயரைப் பிடித்துத் தண்டிக்கிறது. அச்சகத்தார் எதைத் தேர்ந்திருப்பார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 1970களிலும் 80களிலும் 'சரோஜாதேவி புத்தகம்' என்று பொதுவாக அழைக்கப்பட்ட மெல்லிய புத்தகங்களில் அச்சகப் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது. ஆசிரியர் பெயராக இருப்பதும் ஒரு மனிதரைவிட ஒரு வகைமையையே குறிப்பது. பதிவு செய்யாத அச்சு பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் ஏறாதது நூலகத்துக்குப் போகவில்லை. ஆபாசம் என்று நூலகர் ஒதுக்கும் நிலை வரும் முன்பே அது நூலகத்தின் வாசலை இழந்துவிட்டது.

கிசுகிசு ஏடுகளின் கதை சற்று வேறு. சி.என். லட்சுமிகாந்தன் 1943இல் 'சினிமா தூது' தொடங்கியது போர்க்காலக் காகிதக் கட்டுப்பாட்டின் நடுவே. நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை விற்பனைச் சரக்காக்கிய அந்த ஏட்டின் மீது எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் முதலியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் 'இந்துநேசன்' என்ற ஏட்டைக் கைப்பற்றி அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் 1945இல் தண்டனை பெற்றதும், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானதும் தமிழகம் அறிந்த செய்தி. ஆனால் இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த ஏட்டின் பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் அரிது. அந்த ஏட்டின் தன்மையை நாம் குற்றப்பத்திரிகையின் கண்ணாலும், அதனால் காயம்பட்டவர்களின் நினைவாலும் மட்டுமே அறிகிறோம். அது தீங்கு செய்த ஏடு என்பதில் எனக்கு ஐயமில்லை. தீங்கு எப்படிச் செய்யப்பட்டது, எந்தச் சொற்களில், யாருடைய விளம்பரப் பணத்தில் என்பதை அறிய ஏடே வேண்டும்.

திருவண்ணாமலையில் ஒரு கட்டு

திருவண்ணாமலையில் ஓர் இதழ் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆர்தர் ஆஸ்போர்னை ஆசிரியராகக் கொண்டு ரமணாசிரமம் 1964 ஜனவரியில் தொடங்கிய 'தி மவுண்டன் பாத்' காலாண்டிதழின் முதல் இதழிலிருந்தே இன்று படிக்கலாம். ஒரு நிறுவனம் தன் இதழைத் தன் நினைவாகக் கருதினால் எப்படிக் காக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. அதே ஊரின் பேருந்து நிலையத்தில், பௌர்ணமிக் கூட்டம் இறங்கும் அதே இடத்தில், கடைகளில் தொங்கிய இதழ்களைத் தன் நினைவாகக் கருத ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு கட்டை இவ்வூரின் பழைய பேப்பர் கடையொன்றில் எடைக்கு வாங்கினேன். சணல் கயிற்றால் கட்டியிருந்த அதில் அட்டை இழந்த 'பேசும் படம்', சில 'குமுதம்', பாக்கெட் நாவல்கள், ஒரு 'டெபோனேர்', பெயர் முகவரி அற்ற மெல்லிய புத்தகங்கள் சில. பின் துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, நடுத்தாள் கழன்றிருந்தது. சினிமா இதழ்களின் நடுப்பக்கப் படங்களைப் பிளேடால் நேர்த்தியாக வெட்டியெடுத்திருந்தார்கள். எந்தச் சலூன் சுவரிலோ அவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, அழித்து, மீண்டும் நிரப்பியிருந்த ஒரு கை பல இதழ்களில் தொடர்ந்தது.

ஆண்டு போடாத புத்தகத்துக்கு ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி? சேகரிப்பாளர்கள் அட்டைப்படத்தையும் உடையலங்காரத்தையும் வைத்து மதிப்பிடுவார்கள். அது நம்பத்தக்கதன்று, பழைய பிளாக்குகளையே மீண்டும் மீண்டும் அச்சிட்டார்கள். இன்னும் உறுதியான தடயங்கள் உண்டு. விலை அணாவில் இருந்தால் 1957ஆம் ஆண்டின் தசம நாணய மாற்றத்துக்கு முந்தியது அல்லது அதையொட்டியது. 'ந.பை.' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் அந்த முறை வந்த 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

எழுத்துருவும் ஒரு சான்று. ஆனால் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் பழைய கொம்பு, சுழி வடிவங்கள் இருந்தன. பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. பழைய வடிவம் தென்பட்டால் 1978க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் சிறு அச்சகங்கள் கையில் இருந்த ஈய எழுத்துகளைத் தேய்ந்து தீரும்வரை பயன்படுத்தின. அரசாணைக்காக எழுத்து வாங்கவில்லை. மறுபக்கம், 'குடி அரசு' 1935லேயே சீர்திருத்த எழுத்தை ஏற்றது. சுயமரியாதை இயக்கம் சார்ந்த அச்சகங்களில் புதிய வடிவம் நெடுங்காலம் முன்பே புழங்கிற்று. ஆகவே எழுத்து வடிவம் அச்சகத்தின் வசதியையும் சார்பையும் சொல்லும். ஆண்டைத் தனியாக நின்று சொல்லாது.

என் கட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு ரப்பர் முத்திரை. இரண்டு புத்தகங்களின் உள்ளட்டையில், ஊதா மையில், ஊர்ப் பெயரும் 'வ.ஆ.' என்ற சுருக்கமும் மட்டும் தெளிவாக இருந்தன. கடைப் பெயர் கலைந்திருந்தது. திருவண்ணாமலை 1989இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. முத்திரையை அதன் பிறகும் சில காலம் குத்தியிருக்கலாம். ஆனாலும் அச்சகத்தார் மறைத்த காலத்தையும் இடத்தையும் கடைக்காரர் ஓரளவு விட்டுச்சென்றிருக்கிறார்.

சேகரிப்பாளர் செய்யும் வடிகட்டல்

தமிழில் தனிமனிதச் சேகரிப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் அளவிட முடியாதது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது விட்டுச்சென்ற சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. புதுக்கோட்டை ஞானாலயா இன்னொரு சான்று. இவர்களைப் போன்றோரின் தனிச்சிறப்பு, உயர்ந்தது தாழ்ந்தது பாராமல் சேர்த்தது. துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் இலக்கணநூலும் ஒரே கூரைக்குள் வந்தன.

இன்றைய சந்தைச் சேகரிப்பு அப்படிப்பட்டதன்று. அட்டை, முதல் இதழ், நட்சத்திரப் படம், முழுமை ஆகியவற்றுக்கே அது விலை தருகிறது. உலகச் சந்தையில் 'பிளேபாய்' 1953 டிசம்பர் முதல் இதழ் மர்லின் மன்றோவின் அட்டையால் பெயர்பெற்றது. அதில் தேதி இல்லை. இரண்டாம் இதழ் வருமா என்பது ஹியூ ஹெஃப்னருக்கே உறுதியாகத் தெரியாததே காரணம். தேதியின்மை அங்கே ஓர் இதழின் பிறப்புக் கதையாகி விலையை ஏற்றுகிறது. இங்கே தேதியின்மை போலீஸுக்கு அஞ்சியதன் அடையாளம். அதனாலேயே சேகரிப்பாளர் அதைத் தொடுவதில்லை.

'டெபோனேர்' படும் பாட்டைப் பாருங்கள். 1973இல் பம்பாயில் தொடங்கிய அந்த ஆங்கில இதழ், வினோத் மேத்தா ஆசிரியரான பின் நீண்ட நேர்காணல்களுக்கும் கவிதைக்கும் இடம் தந்தது. அதன் கவிதைப் பக்கங்களை ஆதில் ஜஸ்ஸாவாலாவும் இம்தியாஸ் தார்க்கரும் கவனித்த காலங்கள் உண்டு. இந்திய ஆங்கிலக் கவிதையின் வரலாற்றை எழுதுபவருக்கு அது இன்றியமையாத இதழ். நான் வாங்கிய படியில் நடுப்பக்கம் இல்லை. ஆதலால் சேகரிப்பாளருக்கு அது கழிவு. அதில் எஞ்சிய பக்கங்களே எனக்கு வேண்டியவை.

இதற்கு நல்ல மாற்றாக நிற்பது தமிழ்க் காமிக்ஸ் சேகரிப்பு. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் வளர்த்த வாசகர்கள், வெளியான இதழ்களை எண் வாரியாகப் பட்டியலிட்டு, எந்தக் கதை எந்த ஐரோப்பியத் தொடரிலிருந்து வந்தது என்பது வரை தாமே கண்டறிந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை. சிறுவயது ஆசையை வெளிப்படையாகச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இல்லை. அந்த வெளிப்படைத்தன்மையே ஒரு வரலாற்றைத் தந்தது. ஆடவர் இதழ்களைச் சேர்ப்பவர் தம் பெயரையே மறைக்கிறார். அவர் இறந்தால் குடும்பம் முதலில் அப்புறப்படுத்துவதும் அந்தப் பெட்டியைத்தான்.

நூலகம் என்ன செய்யலாம்

இந்தப் பொருளை நூலகம் ஏற்பதைப் புதுமை என்று சொல்ல முடியாது. பிரான்சின் தேசிய நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இத்தகைய நூல்களைத் தனிப்பிரிவில் வைத்துப் பட்டியலிட்டு வந்தது. 2007இல் அப்பிரிவைப் பொதுக் கண்காட்சியாகவே திறந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1970 முதல் 'பிளேபாய்' கட்டுரைகளைப் பிரெயிலில் வெளியிட்டது. அதற்கு நிதி மறுக்கப்பட்டபோது பார்வையற்றோர் வழக்குத் தொடுத்தார்கள்; 1986இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நம்மூரில் 292ஆம் பிரிவின் வழிவந்த சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் விற்பனையும் பரப்பலும் வேறு, ஆய்வுக்காகக் காப்பது வேறு.

எனக்கு உண்மையான தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் தாள்களில் பெண்களின் படங்கள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை சம்மதத்தோடு எடுக்கப்பட்டவை, எத்தனை வெளிநாட்டு இதழிலிருந்து வெட்டியவை, எத்தனை துணை நடிகையரின் வறுமையை வைத்து எடுத்தவை என்று படம் சொல்லாது. அந்தப் பெண்கள் இன்று யாருடைய பாட்டியாகவோ வாழ்ந்துகொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனைவருக்கும் திறந்துவிடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியாது. அந்தப் பெண்களுக்கு இழைத்த அநீதியை இன்னொரு முறை அச்சிடுவதாகவே அது முடியும். தாளை அமிலமற்ற உறையில் வைக்கட்டும், துருப்பிடித்த பின்னை நீக்கட்டும், படிக்க வருபவரின் தேவையைக் கேட்டு நேரில் காட்டட்டும். படங்களைப் பொதுவெளியில் வைக்க வேண்டாம்.

பொதுவெளிக்கு வர வேண்டியது பட்டியல். தலைப்பு, அளவு, பக்கம், விலை, எழுத்து வடிவம், அச்சு முறை, முகவரி இருந்தால் முகவரி, விளம்பரதாரர் பெயர்கள், அச்சகப் பெயர் இல்லாவிட்டால் இல்லை என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். விளம்பரங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஜாம்நகரின் ஆதங்க நிக்ரஹ மாத்திரை போன்ற வீரிய மருந்து விளம்பரங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மதிப்புமிக்க இதழ்களிலும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து பார்த்தால், குடும்ப இதழுக்கும் பேருந்து நிலையப் புத்தகத்துக்கும் பணம் கொடுத்த கைகள் எந்த அளவுக்கு ஒன்று என்பது தெரியவரும். கடை முத்திரைக்கும் பட்டியலில் ஒரு கட்டம் வேண்டும். வட ஆற்காடு, தென்னாற்காடு ஊர்களின் முத்திரைகளை மட்டும் ஒரு வரைபடத்தில் குறித்தாலே, சென்னையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கிளம்பிய கட்டுகள் எந்த ரயில் நிலையங்களில், எந்தப் பேருந்துத் தடங்களில் இறங்கின என்பதை அறியத் தொடங்கலாம்.